கால் இல்லாத பூச்சி

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: "மொதல்ல நீங்க ஆர்டர் எல்லாம் மனப்பாடமா தெரிஞ்சு வச்சிருக்கணும்."

கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் ஆசையில், மேசைமேல் இருந்த ஆர்டர் புத்தகத்தை எடுத்து, எந்தெந்த வீட்டுக்கு என்றைக்கு மருந்து அடிக்கப் போக வேண்டும் என்பதை முதல் பக்கத்திலிருந்து உருப்போட ஆரம்பித்தேன். மத்தியானம் அவர் வந்து, "எங்க, சொல்லுங்க" என்றார். "செந்தூல்ல ஒரு சாப்பாட்டுக் கடை, கரப்பான். காஜாங்ல ஒரு மாடி வீடு, கரையான்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைக் காட்டினார். அங்கே பூச்சிப் படங்கள் போட்ட பெரிய அட்டை ஒன்று தொங்கியது. உலகத்துப் பூச்சிகளை எல்லாம் பெரிய பெரிய பிரிவாகப் பிரித்திருக்கிறார்களாம். அந்தப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் ஆர்டர் என்று பெயராம். தமிழில் வரிசை என்று சொல்ல வேண்டும் என்பதை நானே பிறகு தேடித் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி. கீழ்க்கடைக்காரருக்கு எங்களைக் கண்டால் ஆகாது. எங்கள் சட்டையில் கரப்பான் படம் போட்டிருக்கும். நாங்கள் படியேறிப் போனால், சாப்பிடுகிறவர்கள் குனிந்து தங்கள் இலையை உற்றுப் பார்ப்பார்கள். இதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

மொத்தம் மூன்றே பேர். முதலாளி மலாய், ஆங்கில அழைப்புகளை எடுப்பார். தமிழில் வருகிற அழைப்புகளுக்கு நான். வீடுகளுக்குப் போய் மருந்து அடிப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன். முன்பு ஜெஞ்சாரோமில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பெரிய மீசை. ஆறு கால் உள்ள எதற்கும் பயப்பட மாட்டார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் நான் இருந்த பயண டிக்கெட் கடையை மூடிவிட்டார்கள். பதினோரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து நான்கு வயதில் வேலை தேடிப் போனால், எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நம் விண்ணப்பப் பாரத்தை வாங்கி, வயது எழுதியிருக்கிற இடத்தை மட்டும் இரண்டு முறை படிக்கிறார்கள். எனக்கு இயல்பாகவே கோபம் அதிகம். அந்தப் பதினோரு மாதத்தில் அதை வீட்டுக்காரர்மேல் முழுவதுமாகச் செலவழித்தேன். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று என்னைவிட அவர்தான் அதிகம் கும்பிட்டார்.

ஆனால் சேர்ந்த இரண்டு மாதத்தில் இரண்டு தப்பு செய்துவிட்டேன்.

முதல் தப்பு காஜாங்கில். ஒரு ஆன்டி போன் செய்து, "வண்டு வந்து வாசல் கட்டையில ஓட்டை போடுதும்மா" என்றார். வண்டு என்றால் வண்டுதானே? அண்ணனை வண்டு மருந்தோடு அனுப்பினேன். அது வண்டு இல்லை, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருப்புத் தேனீ. நம் ஆட்கள் அதையும் வண்டு என்றுதான் சொல்கிறார்கள். அண்ணன் ஒரு புருவம் மட்டும் இட்லி போல வீங்கித் திரும்பி வந்தார்.

இரண்டாவது தப்பு ஜெஞ்சாரோமில். மழை பெய்து ஓய்ந்ததும், விளக்கைச் சுற்றி "ஈ கூட்டமா வருது" என்றார் ஒரு அங்கிள். ஈக்கு வைக்கும் மருந்தை வைத்துவிட்டு வரச் சொன்னேன். அது ஈ இல்லை, ஈசல். அதாவது இறக்கை முளைத்த கரையான். வீட்டுக்குள் ஈசல் வந்து இறக்கையை உதிர்த்தால், எங்கேயோ சுவருக்குள் கரையான் குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். மூன்று வாரம் கழித்து அங்கிள் கதவைத் திறந்தபோது கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமன் செய்திருப்பேன். அவர் ஒரு விளம்பரத் தாளை என் மேசைமேல் வைத்தார். போனை எடுத்து ஆளுக்குப் பதிலாகப் பேசும் மிஷின். "கரப்பானுக்கு ஒன்றை அழுத்தவும், கரையானுக்கு இரண்டை அழுத்தவும்" என்று அதுவே சொல்லும். "இன்னொரு தடவை தப்பு நடந்துச்சுன்னா, சாரிலா, எனக்கு வேற வழி இல்ல" என்றார்.

அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகை வந்தது. மறுபடி அந்தப் பதினோரு மாதத்துக்குள் போய் உட்கார முடியாது என்று பட்டது. மறுநாளிலிருந்து சுவரில் இருந்த அட்டையை விடாமல் படித்தேன்.

படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. நம் ஆட்கள் பூச்சிகளுக்குப் பெயர் வைத்த அழகைச் சொல்லியாக வேண்டும். பச்சையாகத் தாவுகிறதே, அது வெட்டுக்கிளி. அது கிளியா? மணலில் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் சுண்டைக்காய்ப் பிராணிக்குப் பெயர் குழியானை. யானையாம்! தேனீ ஈ இல்லை. சில்வண்டு வண்டு இல்லை. பூச்சி என்றால் ஆறு கால் என்பது விதி. நாமோ எட்டுக்கால் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் அதைப் பூச்சி என்கிறோம். பிள்ளைக்கு வயிறு வலித்தால் வயிற்றில் பூச்சி. பல் சொத்தையானால் பூச்சிப் பல். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு இனமே இத்தனை நாள் எப்படிச் சமாளித்தது என்று தெரியவில்லை.

படம் எடுத்து அனுப்பச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். பத்தில் நான்கு படத்தில் கட்டைவிரல் மட்டும் இருக்கும். மீதி ஆறும் செருப்பால் அடித்த பிறகு எடுத்த படங்கள். அந்த நிலையில் எல்லாப் பூச்சியும் ஒரே வரிசைதான்.

அதனால் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். முதலில் கால்: ஆறா, கூடவா? அப்புறம் இறக்கை: இரண்டா, நான்கா, இல்லவே இல்லையா? முதுகு: கெட்டியா, நடுவில் வகிடு எடுத்தது போல நேர்க்கோடு ஓடுகிறதா? இடுப்பு: ஒல்லியா, இல்லை என்னை மாதிரியா? கடைசியாக வாய்: கடிக்கிறதா, குத்தி உறிஞ்சுகிறதா? ஆச்சரியம் என்னவென்றால், ஆன்டிகளுக்கு இந்த விசாரணை ரொம்பப் பிடித்துப்போனது. பூச்சியைக் கண்ணாடி டம்ளர் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொல்வார்கள். "இடுப்பு சுத்தமா இல்லம்மா, எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றார் ஒருவர். இடுப்பு இல்லை, தலை கேடயத்துக்குள் ஒளிந்திருக்கிறது, தட்டை உடம்பு, நீண்ட உணர்கொம்பு: கரப்பான். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. யாரோ ஒருவர் என்னிடம் ஒன்று கேட்க, எனக்கு அது தெரிந்திருக்க, நான் சொல்ல, அது சரியாக இருக்க! நாற்பத்து நான்கு வருடத்தில் இது புது அனுபவம்.

இந்தப் பெருமை வீட்டிலும் தொடர்ந்தது. வீட்டுக்காரரின் தேநீரில் ஈ விழுந்தால் எடுத்துப் போட விட மாட்டேன். இரண்டே இறக்கைதான் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் தேநீரைக் கீழே ஊற்றலாம்.

இன்னொரு சூத்திரமும் கண்டுபிடித்தேன். போன் செய்கிறவர்கள் பயத்தில் இருப்பார்கள். பயத்தில் இருப்பவர்கள் சொல்லும் அளவைப் பத்தால் வகுக்க வேண்டும். "எலி மாதிரி கரப்பான்" என்றால் கட்டைவிரல் அளவு. "கை நீளப் பூரான்" என்றால் ஒரு விரல் நீளம். இந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. ஏழு வாரம் ஒரு தப்பும் நடக்கவில்லை. முதலாளி அந்த விளம்பரத் தாளை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். ஆனால் குப்பையில் போடவில்லை, கவனித்தேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மாலை ஏழு மணி இருக்கும். முதலாளி கிளம்பிவிட்டார். அண்ணன் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது போன் அடித்தது. கிள்ளானிலிருந்து ஒரு ஆன்டி. ஏதோ ரகசியம் சொல்வது போலக் குசுகுசுவென்று பேசினார்.

"பூச்சி மருந்து கம்பெனியாம்மா? எங்க வீட்டுக்குள்ள பூச்சி வந்துருச்சும்மா."

"எங்க இருக்கு ஆன்டி?"

"சாமி மேடைக்குக் கீழ. இப்பதான் விளக்கேத்திட்டுத் திரும்புறேன், கிடக்கு."

நோட்டைத் திறந்தேன். "அதுக்கு எத்தனை கால் ஆன்டி?"

"காலா? கால் இல்லம்மா."

"இறக்கை?"

"அதெல்லாம் ஏது?"

"முதுகுல நேர்க்கோடு இருக்கா?"

"கோடு கீடு ஒண்ணும் இல்ல. கருப்பா வழவழன்னு இருக்கு."

"இடுப்பு ஒல்லியா இருக்கா?"

"என்னம்மா இது, பொண்ணு பாக்கற மாதிரி கேக்குற? மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"நீளம்?"

"நாலடிக்குக் குறையாது."

"நடக்குதா, நெளியுதா?"

"நெளியுது. உஸ்ஸுன்னு சத்தம் வேற போடுது. சீக்கிரம் ஆளை அனுப்பும்மா. அங்கிள் பால் வைக்கலாமான்னு கேக்குறாரு."

"பாலெல்லாம் குடிக்காது ஆன்டி, அது இலைதான் சாப்பிடும்" என்று அடித்துச் சொன்னேன்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. நாலடியைப் பத்தால் வகுத்தால் ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலும் இல்லை, இறக்கையும் இல்லை, நெளிகிறது: அப்படியானால் வளர்ந்த பூச்சி இல்லை, புழுப் பருவம். ஈயின் புழுவுக்குக் கால் கிடையாதுதான், ஆனால் அது இவ்வளவு பெரிதாக வளராது. வண்டின் புழு சுருண்டு கிடக்கும். ஆகவே இது பெரிய அந்துப்பூச்சி ஒன்றின் புழு. அதன் குட்டிக் கால்கள் பயத்தில் ஆன்டியின் கண்ணுக்குத் தெரியவில்லை. சில புழுக்கள் சீறுவதுபோலச் சத்தம் போடும் என்று எங்கேயோ படித்ததும் ஞாபகம் வந்தது. வண்ணத்துப்பூச்சி வரிசை! போனிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அண்ணனைக் கூப்பிட்டு வீட்டு விலாசம் சொன்னேன். "மருந்து வேணாம் அண்ணே, வெறும் புழுதான். ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொண்டாங்க, நான் பாக்கணும்."

பாவம், அந்த மனிதர் சாப்பாட்டுக் கடையில் ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கேட்டு வாங்கி, கழுவி, மூடியில் காற்றுக்கு ஓட்டையும் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இருபது நிமிடத்தில் என் ஹென்போனுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவரும் குசுகுசுவென்றுதான் பேசினார்.

"தங்கச்சி. நான் சாப்பாட்டு மேசை மேல நிக்கிறேன்."

"ஏன் அண்ணே?"

"ஆன்டியும் நிக்கிறாங்க. அங்கிளும் நிக்கிறாரு."

"ஒரு புழுவுக்கா?"

"படம் எடுக்குது தங்கச்சி."

"நல்லதாப் போச்சு. எடுத்து எனக்கு அனுப்புங்க."

"நான் எடுக்கல. அது எடுக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டிய பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கு வைத்த பிறகு பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் வந்துவிடும். அதனால் பூச்சி என்று சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமா? என் அம்மா அப்படித்தான் சொல்வார். நானே அப்படித்தான் சொல்வேன். போன மாதம்கூட, வீட்டுக்குப் பின்னால் லோங்காங் சாக்கடை ஓரமாகப் போகாதீர்கள், பூச்சி இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு முறையாவது எத்தனை கால் என்று கேட்டாரா? படிக்காத வரைக்கும் ஒழுங்காக இருந்தேன். அட்டையைப் படித்துப் பூச்சிக்கு ஆறு கால் என்று கற்றுக்கொண்டதும், பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்று மூளையிலிருந்து இறங்கிப் போய்விட்டது. நான் இலை சாப்பிடும் என்று சொல்லி அனுப்பியது ஒரு நல்ல பாம்பு. அண்ணன் கையில் ஊறுகாய் பாட்டில்.

அண்ணனின் ஹென்போனை ஒலிபெருக்கியில் போடச் சொல்லி, அதை வைத்துவிடாமல், அலுவலகப் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மேசைமேல் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்டது.

"இவ்வளவு பெரிய பாம்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"ஐயையோ, பேரைச் சொல்லாத!" என்றார் ஆன்டி.

"அதான் வந்துருச்சே ஆன்டி, இனிமே சொன்னா என்ன?"

"இன்னொண்ணு வரும்."

நான் தீயணைப்பு நிலையத்து அதிகாரியிடம் "உலார்" என்று மலாயில் கத்திச் சொன்னது அங்கேயும் கேட்டிருக்கிறது. ஆன்டி பதறவே இல்லை. "அது பரவால்ல. மலாய்ல சொன்னா அதுக்குத் தெரியாது" என்றார். "கிள்ளான்ல பொறந்தது ஆன்டி, நம்மளவிட நல்லா தெரியும்" என்றார் அண்ணன்.

ஆட்கள் வேறொரு இடத்தில் இருக்கிறார்கள், வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகலாம், அதுவரை யாரும் கீழே இறங்கவோ அசையவோ கூடாது என்றார் அதிகாரி. அதற்குள் பாம்பு சாமி மேடையை விட்டு நகர்ந்து, மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து படம் எடுத்து நின்றதாம். அங்கிள் மேசைமேல் நின்றபடியே முருகா முருகா என்று சத்தமாகக் கூப்பிட்டார். அண்ணன் குரல் உடைந்திருந்தது. "தங்கச்சி, எனக்குக் காலு நடுங்குது. மேசையும் சேர்ந்து ஆடுது. நான் குதிச்சு ஓடிரட்டுமா?"

"வேணாம் அண்ணே! அசையாதீங்க. நான் பேசுறேன், கேட்டுக்கிட்டே இருங்க."

என்ன பேசுவது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண் முன்னால் இருந்தது அந்த அட்டை ஒன்றுதான். அதையே பேச ஆரம்பித்தேன்.

"இப்ப வண்டு இருக்கு இல்லையா அண்ணே, பூச்சியில அதிக வகை இருக்கறது வண்டு வரிசையிலதான். முன் இறக்கை ரெண்டும் கெட்டியாகி ஓடாயிருச்சு. அதால பறக்க முடியாது. பின் இறக்கையை அதுக்கடியில மடிச்சு வச்சிருக்கும். ரெண்டு ஓடும் முதுகுல சேர்ற இடந்தான் அந்த வகிடு. மின்மினி, பொன்வண்டு, அரிசி வண்டு, நீங்க லோரில ஏத்தின செம்பனையைத் துளைக்கிற கொம்பு வண்டு, எல்லாம் அதே ஆளுங்கதான்."

"சரி" என்றார் அண்ணன் தீனமாக.

"மூட்டைப்பூச்சி வரிசை வேற. அதுக்கு வாய் ஒரு ஊசிக்குழாய் மாதிரி. கடிக்காது, குத்தி உறிஞ்சும். செடியில உறிஞ்சறதும் இருக்கு, நம்ம மேல உறிஞ்சறதும் இருக்கு. கத்துதே சில்வண்டு, அதுவும் இதே வரிசை."

"அப்ப அது வண்டு இல்லையாம்மா?" என்றார் அங்கிள். முருகனைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டார்.

"இல்ல அங்கிள். வாயைப் பாக்கணும். வெட்டுக்கிளி வரிசைக்குப் பின்னங்காலைப் பாக்கணும், தாவறதுக்குன்னே நீளமா தடிமனா இருக்கும். தும்பிக்குக் கண்ணைப் பாக்கணும், தலையே கண்ணுதான். தும்பியால இறக்கையை முதுகு மேல மடிச்சு வைக்க முடியாது, விரிச்சேதான் உக்காரும். வண்ணத்துப்பூச்சியைத் தொட்டா கையில பவுடர் ஒட்டுதில்ல? அது சின்னச் சின்னச் செதில். அந்துப்பூச்சிக்கும் அதேதான்."

"கும்பிடுபூச்சி?" என்றார் ஆன்டி.

"அது தனி ஆன்டி. முக்கோணத் தலை, கழுத்தைத் திருப்பி நம்மளயே பாக்கும். கும்பிடல, அடுத்தவனைப் பிடிக்கத்தான் கையைத் தூக்கி வச்சிருக்கு."

"நானும் இத்தனை நாள் அதைப் பாத்தா பதிலுக்குக் கும்பிட்டேனே" என்று ஆன்டி வருத்தப்பட்டார்.

பல்லி பூச்சியா என்றார் அங்கிள். இல்லை என்றேன். தேள்? எட்டுக் கால், இல்லை. கரையானும் கரப்பானும் சொந்தக்காரர்கள், இப்போது இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்துவிட்டார்கள் என்றதும் மேசையே ஆடிப்போகும் அளவுக்கு மூன்று பேரும் வியந்தார்கள். அசையாதீர்கள் என்று நான் அதட்டினேன். முதலாளிகூட இதை நம்பவில்லை, இரண்டுக்கும் தனித்தனி மருந்து என்று சொல்லி விற்கிறோமே, கஸ்டமர் கேள்வி கேட்பார்களே என்று என் வாயை அடைத்துவிட்டார் என்று அவரையும் காட்டிக்கொடுத்தேன். ஈக்கு இரண்டே இறக்கைதான், பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ் இருக்கும், பறக்கும்போது சாயாமல் இருக்க அதுதான் உதவி என்றேன். கொசுவும் அதே வரிசை என்றேன். சொல்லச் சொல்ல என் தொண்டை வறண்டது. ஒரு நிமிடம் நிறுத்தினாலும் அண்ணன் குதித்துவிடுவார் என்ற பயத்தில் தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. ஒரு மனிதனை நானே சாகடிக்க அனுப்பிவிட்டேனே என்று உள்ளுக்குள் நினைப்பு. வாயில் மட்டும் குமிழ், செதில், உணர்கொம்பு.

தேனீ, குளவி, எறும்பு மூன்றும் ஒரே வரிசை, மூன்றுக்கும் இடுப்பு ஒடிந்து விழுவது போல ஒல்லி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் தீயணைப்பு லோரிச் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் பிடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "சரி தங்கச்சி, வைக்கிறேன்" என்றார் அண்ணன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனை வைத்துவிட்டு, அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கீழ்க்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில் யாரையும் திட்டவில்லை. வீட்டுக்காரர் பயந்து, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை நான் போனபோது முதலாளியும் அண்ணனும் இருந்தார்கள். அந்த விளம்பரத் தாள் இழுப்பறையிலிருந்து வெளியே வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நடந்ததை அண்ணனிடம் விசாரித்து முடித்திருந்தார் முதலாளி. நான் என் தேநீர்க் குவளையையும் நோட்டையும் பைக்குள் வைத்தேன். போகச் சொல்லப் போகிறார், அதற்கு முன் நாமே கிளம்பிவிடுவோம் என்ற ரோஷம்.

முதலாளி என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார். "மேசை மேல நின்னது நீங்க. அதனால நீங்களே சொல்லுங்க. இவங்க போன் எடுத்து அனுப்புற இடத்துக்கு நீங்க இனிமே போவீங்களா? இல்ல, மிஷின் வாங்கிடட்டுமா?"

புருவம் வீங்கியவர் அவர். கதவு உதிர்ந்த வீட்டில் அங்கிளிடம் ஏச்சு வாங்கியவரும் அவர். பாம்பைப் பிடிக்க ஊறுகாய் பாட்டிலோடு போனவரும் அவரே. அவர் வேண்டாம் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச முடியாது. எனக்குத் தலை நிமிரவில்லை.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். "பாஸ், அன்னிக்கு நான் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். வீட்ல சொல்லிட்டு வரலியேன்னு இருந்துச்சு. இந்தப் பொண்ணு விடாம பேசுச்சு. வண்டுக்கு இப்படி, ஈக்கு அப்படி, தும்பிக்கு இன்னொண்ணுன்னு. கேட்டுக்கிட்டே இருந்தேன் பாஸ். எதுக்க அது படம் எடுத்துக்கிட்டு நிக்குது, எனக்குக் கொட்டாவி வந்துருச்சு."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றேன். ஆன்டியும் கொட்டாவி விட்டாங்க. அங்கிள் உக்காந்து தூங்கியே போயிட்டாரு, நான்தான் பிடிச்சுக்கிட்டேன். மிஷினா இருந்தா கால் இல்லன்னதும் நன்றி வணக்கம்னு லைனை வச்சிருக்கும். இது வைக்கல. அதனால நான் போவேன்."

முதலாளி அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், என் பேச்சு ஆளைத் தூங்க வைக்கிறது என்ற அவமானம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து மறுபடி அழுகைதான் வந்தது. குவளையைப் பைக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஆனா ஒண்ணு தங்கச்சி" என்றார் அண்ணன் வாசலில் நின்று, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே. "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல யாராவது தமிழ்ல பூச்சின்னு சொன்னா, காலை எண்ணாத. மலாய்ல அது என்னன்னு கேளு."